பள்ளி மாறினால் பிரீமியமும் மாறும்

அமெரிக்காவில் ஆசிரியர் சம்பளம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பட்டியலை முன்னால் வைப்பார்கள். எந்த மாநிலத்தில் எவ்வளவு, எந்த ஊரில் எவ்வளவு என்று அது சொல்லும். சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் மட்டும் அந்தப் பட்டியலில் இருக்காது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே வகுப்புக்கு ஒரே பாடம் நடத்தும் இருவருக்குச் சம்பளம் ஒன்றாக இருக்கலாம். ஒருவருடைய குடும்பக் காப்பீட்டை அவருடைய பள்ளி நிர்வாகமே ஏறக்குறைய முழுவதும் கட்டுகிறது. இன்னொருவர் அதற்காகச் சம்பளத்தில் பெரும்பங்கை இழக்கிறார். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இது விளங்குவது கடினம். இங்கே 2021-இல் தொடங்கிய அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தம் என்றால், கன்னியாகுமரியிலும் அதுதான், திருவள்ளூரிலும் அதுதான். அமெரிக்காவில் பெரும்பாலும் இதை முடிவுசெய்யும் ‘பள்ளி மாவட்டம்’ நம் வருவாய் மாவட்டம் போன்றதன்று. பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும், உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வரும் வருமானமும், தனக்கென ஊழியர் ஒப்பந்தங்களும் கொண்ட சிறு அரசாங்கம் அது. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. ஒரு சிற்றூரில் நாலைந்து பள்ளிகளை நடத்துவதும் மாவட்டம்தான். பல லட்சம் மாணவர்கள் படிக்கும் லாஸ் ஏஞ்சலஸும் மாவட்டம்தான்.

இந்த மாவட்டங்களின் காப்பீட்டை ஒப்பிட முயல்பவர்கள் வழக்கமாகத் திட்டங்களின் பெயரையும் மொத்தப் பிரீமியத்தையும் வரிசையாக எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த ஒப்பீடு நம்மைத் தவறான இடத்துக்குத்தான் கொண்டுபோய்விடும் என்பது என் கருத்து. பிரீமியம் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். அதில் வேலை கொடுப்பவர் எவ்வளவு கட்டுகிறார், அந்தத் தொகை விலைவாசியோடு ஏறுகிறதா, மனைவி அல்லது கணவரையும் பிள்ளைகளையும் சேர்த்தால் அந்தப் பங்கு என்னவாகிறது, குறைந்த சம்பளக்காரருக்கு மிச்சம் என்ன என்பவைதான் ஊழியரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. கைசர் அறக்கட்டளை ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பின்படி, 2024-இல் வேலை வழியாகக் கிடைக்கும் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் ஒருவருக்கு 8,951 டாலர், குடும்பத்துக்கு 25,572 டாலர். 2002-இல் குடும்பப் பிரீமியம் சுமார் 8,000 டாலராகத்தான் இருந்தது. ஒரு தலைமுறை ஆசிரியர்கள் மாறுவதற்குள் விலை மும்மடங்காகிவிட்டது. அந்த ஏற்றத்தை யார் தோளில் ஏற்றினார்கள் என்று கேட்டால்தான் ஒப்பீடு உருப்படும்.

டெக்சஸ் இதற்கு நல்ல பாடம். 2002 செப்டம்பரில் அந்த மாநிலம் ‘டிஆர்எஸ்-ஆக்டிவ்கேர்’ என்ற பொதுத் திட்டத்தைத் தொடங்கியது. சொந்தமாகக் காப்பீடு ஏற்பாடு செய்ய முடியாத சிறிய, நாட்டுப்புறப் பள்ளி மாவட்டங்களைக் கைதூக்கிவிடுவது நோக்கம், நல்ல நோக்கம்தான். செலவில் மாநிலத்தின் பங்கு ஊழியர் ஒருவருக்கு மாதம் 75 டாலர் என்றும், மாவட்டம் குறைந்தது 150 டாலர் சேர்க்கவேண்டும் என்றும் வகுத்தார்கள். ஆக மாதம் 225, ஆண்டுக்கு 2,700. தொகை எழுதப்பட்ட நாளில் ஒருவருக்கான காப்பீட்டின் பெரும்பகுதியை அது ஈடுகட்டியிருக்கும். விலையோடு சேர்ந்து ஏறவேண்டும் என்ற விதியை மட்டும் யாரும் எழுதவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் மாநிலத்தின் அந்த 75 டாலர் 75 டாலராகவே நின்றது. 2024-இன் தேசிய சராசரியோடு வைத்துப் பார்த்தால், அந்த 2,700 டாலர் தனிநபர் பிரீமியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குடும்பப் பிரீமியத்தில் பத்தில் ஒன்றைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. எண்ணெய்க் கிணறும் தொழிற்சாலையும் உள்ள மாவட்டம் தன் கையிலிருந்து கூடுதலாகப் போட்டுச் சமாளிக்கிறது. வரி வருமானம் மெலிந்த மாவட்டம் குறைந்தபட்சத்தையோ அதற்குச் சற்று மேலாகவோ கொடுத்துவிட்டுக் கையை விரிக்கிறது. இரண்டும் ஒரே திட்டத்தில் இருக்கலாம், அட்டையில் ஒரே பெயர் அச்சாகியிருக்கலாம். ஊழியர் கட்டும் தொகை மட்டும் ஒன்றல்ல. சட்டப்படி அங்கே பள்ளி ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையும் இல்லை என்பதால், மேசையில் உட்கார்ந்து கேட்பதற்கும் வழியில்லை.

ஒருவருக்கான காப்பீட்டை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணில் படாது. பல மாவட்டங்கள் ஊழியருடைய சொந்தக் காப்பீட்டுக்கு ஓரளவு நியாயமாகக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தை அப்படியே விட்டுவிடுகின்றன. நாட்டின் சட்டமே பல காலம் இந்தப் பார்வைக்கோளாறோடுதான் இருந்தது. 2010-இன் ஒபாமா காலச் சட்டம், வேலை வழியாகக் கிடைக்கும் காப்பீடு ‘கட்டுப்படியாகுமா’ என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்தது: குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய 9.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆனால் அளந்தது ஊழியர் ஒருவருக்கான பிரீமியத்தை மட்டும். தனி ஆளுக்கு 100 டாலர், குடும்பத்துக்கு 1,000 டாலர் என்றாலும் ‘கட்டுப்படியாகிறது’ என்று முத்திரை விழும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பொதுச் சந்தையில் அரசு மானியம் கேட்கும் தகுதி போய்விடும். வருமான வரித் துறை விதியைத் திருத்தி, 2023 முதல் குடும்பத்தின் சுமையைத் தனியாக அளக்கத் தொடங்கிய பிறகுதான் இது சீரானது. எந்த ஒப்பீட்டிலும் குடும்பத்துக்கான தொகையை முதல் வரிசையில் வைக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மாவட்டத்தின் அளவும் விலையைப் புரட்டிப்போடும். சில நூறு பேர் கொண்ட குழுவில் ஓர் ஆண்டு இரண்டு புற்றுநோய்ச் சிகிச்சை, ஒரு குறைமாதப் பிரசவம் என்று வந்தால் அடுத்த ஆண்டுப் பிரீமியம் தாவிவிடும். பத்தாயிரம் பேர் கொண்ட குழுவில் அதே செலவு கரைந்துபோகும். வாஷிங்டன் மாநிலம் இதை உணர்ந்து 2017-இல் சட்டம் இயற்றி, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அங்குள்ள 295 மாவட்டங்களின் ஊழியர்களையும் ஒரே வாரியத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு மாவட்டமும், சில இடங்களில் ஒரே மாவட்டத்திற்குள் ஒவ்வொரு தொழிற்சங்கமும் தனித்தனியாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தன. புதிய ஏற்பாட்டில் இரண்டு விதிகள் கவனிக்கத்தக்கவை. கல்வியாண்டில் 630 மணி நேரம் வேலை செய்வார் என்று எதிர்பார்க்கப்படும் எவருக்கும் முழுத் தகுதி உண்டு. பேருந்து ஓட்டுபவர், சத்துணவுக்கூடத்தில் பரிமாறுபவர், வகுப்பறை உதவியாளர் எல்லாரும் இதில் அடக்கம். அடுத்தது, முழுக் குடும்பத்தையும் சேர்த்தாலும் ஊழியரின் பங்கு தனி ஆள் கட்டுவதைப்போல மூன்று மடங்கைத் தாண்டாது. பரவலாகப் பேசப்பட்டது முதல் விதி. என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய சீர்திருத்தம்.

இத்தகைய பொது ஏற்பாட்டுக்கு எதிரான வாதங்கள் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. முதலாவது, நன்றாகப் பேரம் பேசி வென்றவர்களை மாநிலம் தழுவிய திட்டம் கீழே இழுத்துவிடும் என்பது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் தகுதியுள்ள ஊழியர்கள் தமக்கும் குடும்பத்துக்கும் மாதப் பிரீமியம் கட்டுவதில்லை. சம்பள உயர்வை விட்டுக்கொடுத்தேனும் சங்கங்கள் காத்துவந்த ஏற்பாடு அது. அவர்களிடம் போய் ‘எல்லாருக்கும் சமம்’ என்றால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். மிச்சிகன் அனுபவம் அந்த அச்சத்துக்குத் துணை நிற்கிறது. அங்கே 2011-இன் 152-ஆம் சட்டம் பொதுத்துறை நிர்வாகங்கள் கட்டக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வைத்தது: தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒருவருக்கு 5,500, இருவருக்கு 11,000, குடும்பத்துக்கு 15,000 டாலர், இல்லாவிட்டால் மொத்தச் செலவில் 80 விழுக்காடு. சமநிலை வந்தது உண்மைதான், ஆனால் மேலிருந்து வெட்டிச் சமப்படுத்தினார்கள். இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு: மாநிலம் கூரையைக் குறிக்கக்கூடாது, தரையைக் குறிக்கவேண்டும். கீழ்வரம்பை உயர்த்தி, அதை விலையோடு பிணைத்துவிட்டு, அதற்கு மேல் கொடுப்பதை உள்ளூரின் விருப்பத்துக்கு விட்டால் லாஸ் ஏஞ்சலஸ் எதையும் இழக்கவேண்டியதில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது: ஒரே குழுவாக்கினால் மட்டும் நியாயம் வந்துவிடுமா? மேற்கு வர்ஜினியா ‘வராது’ என்கிறது. அங்கே 55 மாவட்டங்களின் பள்ளி ஊழியர்களுக்கும் ஏற்கெனவே ஒரே மாநிலக் காப்பீட்டு நிறுவனம்தான். இருந்தும் 2018 பிப்ரவரி 22 முதல் மார்ச் 6 வரை அத்தனை மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடிக்கிடந்தன. சம்பளம் குறைவு என்பதோடு, ஏறிக்கொண்டேபோன காப்பீட்டுச் செலவும் வேலைநிறுத்தத்தின் ஆணிவேர். கைபேசிச் செயலியில் நடையையும் உடல்நிலையையும் பதிவுசெய்யாவிட்டால் மாதம் 25 டாலர் கூடுதல் என்ற யோசனையும், ஊழியரின் சம்பளத்துக்குப் பதிலாகக் குடும்பத்தின் மொத்த வருமானத்தை வைத்துப் பிரீமியம் கணக்கிடும் யோசனையும் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தன. இரண்டும் கைவிடப்பட்டன, ஐந்து விழுக்காடு சம்பள உயர்வும் வந்தது. காப்பீட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி தீரவில்லை. 2023-இல் மாநிலம் நிர்வாகத்துக்கும் ஊழியருக்கும் இடையே 80-20 பங்கீட்டைச் சட்டமாக்கிப் பிரீமியத்தை உயர்த்தியபோது, தன் சொந்த வேலையில் காப்பீடு பெறக்கூடிய கணவரையோ மனைவியையோ சேர்த்தால் தனிக் கட்டணம் என்றும் விதித்தது. குழு பெரிதாக இருந்தால் அதிர்ச்சி பரவலாகும், செலவு மாயமாகாது. அரசு தன் பங்கைப் போடாமல் வைத்திருந்தால் எவ்வளவு பெரிய குழுவானாலும் சுமை ஊழியர் தலையில்தான் வந்து விடியும்.

பொருளாதாரம் படித்தவர்கள் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: வேலை கொடுப்பவர் கட்டும் பிரீமியமும் கடைசியில் ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிந்த பணமே, காப்பீடு குறைந்த மாவட்டம் சம்பளமாகக் கொடுக்கட்டும், கணக்கு ஒன்றுதானே? ஆசிரியருக்கு இது ஓரளவு பொருந்தலாம். அதே பள்ளியில் பாதி நாள் பேருந்து ஓட்டுபவருக்குப் பொருந்தாது. பிரீமியம் ஆளைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. தலைமையாசிரியருக்கும் அவருக்கும் ஒரே தொகை என்றால் அவருடைய சம்பளத்தில் அது எத்தனையோ மடங்கு பெரிய பங்கு. நியூஜெர்சி இந்த இடத்தைத் தொட்டது. 2011-இல் ஊழியர் பங்கைப் பிரீமியத்தின் விழுக்காடாக, சம்பளப் படிநிலைக்கேற்ப நிர்ணயித்திருந்த அந்த மாநிலம், 2020-இல் பள்ளி ஊழியர்களுக்கென்று வகுத்த புதிய திட்டத்தில் அதைச் சம்பளத்தின் விழுக்காடாகவே மாற்றியது. இப்படிச் செய்தால் பிரீமியம் தாவும் ஆண்டில் அடி விழுவது மாவட்டத்தின் வரவுசெலவுக்கு. ஊழியரின் பங்கு அவருடைய சம்பளம் ஏறும் அளவுக்கே ஏறும்.

அந்த அடியைத் தாங்கமுடியாது என்று மாவட்டங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வாஷிங்டனிலும், மாநில நிதி கணக்கில் கொள்ளாத ஊழியர்களின் காப்பீட்டை மாவட்டங்கள் கைப்பணத்தில் கட்டவேண்டியிருந்தது. ஆளுக்கொரு வழியாகப் பிரிந்துபோவது இதற்குத் தீர்வாகத் தோன்றலாம். டெக்சஸ் 2021-இல் அந்தக் கதவைத் திறந்தது: பொதுத் திட்டத்தை விட்டு மாவட்டங்கள் வெளியேறலாம், ஆனால் வெளியேறினால் ஐந்து ஆண்டுக்குத் திரும்ப முடியாது. இளையவர்களும் நோய் குறைந்தவர்களும் நிறைந்த மாவட்டத்துக்கு வெளியே மலிவான விலை கிடைக்கும். வயதானவர்களும் நோயாளிகளும் மிகுந்த மாவட்டங்கள் உள்ளேயே தங்கும், அவர்களுடைய சராசரிச் செலவு ஏறும், அதைப் பார்த்து இன்னும் சிலர் கிளம்புவார்கள். வெளியேறியவர் சேமித்ததை உள்ளே இருப்பவர் கட்டுகிறார். இதைத் தடுக்க, கதவில் பூட்டுப் போடுவதைவிட, 2002-இல் எழுதிய அந்த 75 டாலரைத் திருத்துவதிலிருந்து தொடங்கியிருக்கலாம்.