பாட்டிக்கு விசிறி இருக்கிறது... பவளத்துக்கு?
வீட்டுக் கடல்நீர்த் தொட்டியை கத்திரி வெயிலிலிருந்து காப்பது எப்படி?

மே மாதம், மதியம் இரண்டரை மணி. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் பாட்டி மட்டும்தான். திடீரென்று கரன்ட் போகிறது. மின்விசிறி நிற்கிறது. ஹாலின் ஓரத்தில் இருக்கும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தமும் நிற்கிறது. பாட்டி பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

மாலை ஆறு மணிக்கு மகன் வந்து பார்க்கும்போது, ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. பூப்போல விரிந்திருந்த பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், பவளத் தொட்டி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் கோடையில் நடக்கக்கூடியது. தொட்டிக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் வீடுகளில்கூட, வெப்பத்தைச் சமாளிக்கும் விஷயம் தொட்டி வைத்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். பகலில் வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது. ஆபத்து வருவதோ பகலில்!

ஒரு டிகிரியில் என்ன ஆகிவிடும்?

பவளம் செடி அல்ல, கல்லும் அல்ல. அது ஓர் உயிரினம். அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் அந்தப் பாசிகளே காரணம்.

தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த உறவு முறிகிறது. பவளம் பாசிகளை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் வெளுத்துவிடுகிறது. இதைத்தான் ‘பவளம் வெளிறுதல்’ என்கிறார்கள். வெளுத்தவுடன் பவளம் செத்துவிடுவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசிகள் திரும்ப வந்து பிழைத்துக்கொள்ளும். தணியாவிட்டால் பட்டினியில் மடியும்.

கடலில் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே வெளிறல் தொடங்கிவிடும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் கொண்ட மன்னார் வளைகுடா, 2010-லும் 2016-லும் இப்படிக் கடுமையாக வெளிறியது. 2024 ஏப்ரலில், உலகப் பெருங்கடல்களில் நான்காவது முறையாகப் பெருமளவு வெளிறல் நடப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அத்தனை பெரிய கடலிலேயே அந்தக் கதி என்றால், 200 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்?

மீன்களுக்கு வேறொரு பிரச்னை. தண்ணீர் சூடேற ஏற, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்திருக்கும். 30 டிகிரியில் அது சுமார் 6.2 ஆகிவிடும். ஆனால், சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் மாதிரிதான்!

எத்தனை டிகிரி சரி?

பவளத் தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி வரை பாதுகாப்பான அளவு. அதில் ஒரு எண்ணை, உதாரணமாக 26-ஐ, பிடித்துக்கொண்டு அதிலேயே நிலையாக நிறுத்துவது நல்லது. காலையில் 24, மதியம் 28 என்று ஏறி இறங்குவதைவிட, நாள் முழுக்க 27-ல் இருப்பதே மேல். ஒரு நாளில் ஏற்ற இறக்கம் ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘படுக்கையறையில் ஏசி இருக்கிறதே’ என்று தொட்டியை அங்கே வைத்துவிடுவார்கள். நம் வீடுகளில் படுக்கையறை ஏசி இரவில் மட்டும்தான் ஓடும். இரவில் குளிர்ச்சி, பகலில் பூட்டிய அறையின் புழுக்கம். தினமும் இந்த ஊஞ்சலாட்டம் பவளத்துக்கு ஆகாது.

தெர்மோமீட்டரை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அதில் சில நிமிடங்கள் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மிக அருகில் காட்ட வேண்டும். ஒன்றுக்கு இரண்டு தெர்மோமீட்டர் இருந்தால் ஒன்று பொய் சொன்னாலும் தெரிந்துவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

வெயில் மட்டும் காரணமில்லை. தொட்டிக்குள் ஓடும் பம்பு, அலை உண்டாக்கும் மோட்டார், மேலே எரியும் விளக்கு எல்லாமே சூட்டைத் தருகின்றன. தண்ணீருக்குள் ஓடும் பம்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகி தண்ணீரிலேயே சேரும். 40 வாட் பம்பு ஒன்று 24 மணி நேரம் ஓடினால், அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லாத பட்சத்தில், 200 லிட்டர் தண்ணீரைச் சுமார் 4 டிகிரி உயர்த்திவிடும். ஆகவே குளிர்விக்கச் செலவு செய்யும் முன், சூடாக்குவதைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

செலவில்லாத வழிகள்

* தொட்டியை மேற்குச் சுவரை ஒட்டியோ, வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரிலோ வைக்காதீர்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையையும் தவிர்க்கலாம்.

* விளக்கு எரியும் நேரத்தை மாற்றுங்கள். காலை 10 முதல் மாலை 6 வரை என்பதை, மாலை 4 முதல் இரவு 12 வரை என்று வைத்துவிடலாம். பகல் சூடும் விளக்குச் சூடும் ஒன்றுசேராது. வேலை முடிந்து வருகிறவர்களும் தொட்டியின் அழகைப் பார்க்க முடியும்!

* கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். வெப்பம் வெளியேறும். மீன் துள்ளி வெளியே விழாது.

* தொட்டிக்குக் கீழே உள்ள மர அலமாரிக்குள் வடிகட்டித் தொட்டி இருந்தால், கோடையில் அதன் கதவைத் திறந்து வையுங்கள்.

சின்ன ஃபேன், பெரிய உதவி

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. தொட்டியின் நீர்ப்பரப்பில் காற்று படும்படி வைக்கும் சின்ன ஃபேனும் இதையேதான் செய்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், 200 லிட்டர் தொட்டியில் சுமார் 3 டிகிரி குறைக்கும் அளவுக்கு வெப்பம் வெளியேறும். சில வாட் மின்சாரத்தில் ஓடும் ஃபேனுக்கு இது பெரிய சாதனை.

ஆனால், இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, உப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். தினமும் 3 லிட்டர் ஆவியாகும் தொட்டியை மூன்று நாள் கவனிக்காமல் விட்டால், லிட்டருக்கு 35 கிராம் என்று இருந்த உப்பு 36.5-ஐத் தாண்டிவிடும். எனவே குறையும் தண்ணீரை தினமும் ஈடுசெய்ய வேண்டும். அதற்கு ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். உப்புக் கரைசலை ஊற்றிவிடக் கூடாது.

இரண்டாவது, காற்றின் ஈரம். காற்று உலர்ந்திருக்கும் ஊர்களில் ஃபேன் நன்றாக வேலை செய்யும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நம் வியர்வையே காயாத நாட்களில், தொட்டித் தண்ணீர் மட்டும் எப்படி ஆவியாகும்? அப்படிப்பட்ட நாட்களில் ஃபேனை மட்டும் நம்ப முடியாது.

சில்லர் வாங்கலாமா?

கோடையில் ஃபேன் போட்டும் 28-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் சில்லர் தேவை. இது ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸர் வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி. தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை அது அறைக்குள்தான் விடும். அதைக் காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் வைத்தால், தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு ஓய்வில்லாமல் ஓடும். கரன்ட் பில்தான் ஏறும். முடிந்தால் பால்கனியில் நிழலான, மழை படாத இடத்தில் வைக்கலாம். அதன் வலைப்பகுதியில் படியும் தூசியை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

மார்கழிக் குளிரில் சமவெளி ஊர்களிலும் சில இரவுகளில் ஹீட்டர் தேவைப்படலாம். ஊட்டி, கொடைக்கானலில் கட்டாயம் தேவை. ஹீட்டர் பழுதாகி, அணையாமல் எரிந்துகொண்டே இருந்து தொட்டியையே வேகவைத்துவிடும் அபாயம் உண்டு. அதனால் பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் சின்னதாக இரண்டு போடுவது நல்லது. ஒன்று மாட்டிக்கொண்டாலும் அதால் பெரிய கேடு வராது. கோடையில் ஹீட்டரை பிளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

உப்புத் தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடம் இது. எர்த் சரியாக இருக்க வேண்டும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இருக்க வேண்டும். கை விடும் முன் சுவிட்சுகளை அணைக்க வேண்டும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்ட ஒரு காகிதம்

இனி, தொடக்கத்தில் பார்த்த வீட்டுக்கு வருவோம். கரன்ட் போனதும் தண்ணீர் உடனே கொதித்துவிடாது. 200 லிட்டர் தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். மூன்று நான்கு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் கூடியிருக்கும். அதைவிட முந்திக்கொள்வது ஆக்சிஜன் பற்றாக்குறை. தண்ணீர் ஓட்டம் நின்றதும் காற்று கலப்பது குறைந்துவிடுகிறது. மீன்கள் மேலே வந்து தவித்தது அதனால்தான்.

பகலில் வீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் படித்துப் புரிந்துகொள்ளும்படி, பெரிய எழுத்தில் இதை எழுதி ஒட்டி வையுங்கள்:

1. கரன்ட் போனதும் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பைப் போடவும். அது இல்லையென்றால், சுத்தமான சொம்பால் தொட்டித் தண்ணீரையே மொண்டு, சற்று உயரத்திலிருந்து ஊற்றவும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சில சொம்புகள்.

2. மீனுக்கு இரை போட வேண்டாம்.

3. தெர்மோமீட்டர் 28-ஐத் தாண்டினால், ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ் பாட்டிலின் வெளிப்புறத்தைக் கழுவி, மூடியைத் திறக்காமல் மிதக்கவிடவும். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில் போதும்.

4. ஐஸ் கட்டியை நேரடியாகப் போட வேண்டாம்.

5. போன் செய்யவும்.

ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில் 200 லிட்டர் தொட்டியில் சுமார் அரை டிகிரிதான் குறைக்கும். அது குறைபோலத் தோன்றினாலும், உண்மையில் அதுவே அதன் நன்மை. சட்டென்று குளிர்விப்பதும் பவளத்துக்கு அதிர்ச்சிதான். மார்ச் மாதமே நான்கைந்து பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அலை மோட்டாரையும் சின்ன ஃபேனையும் அதில் இணையுங்கள். சில்லரை இணைக்காதீர்கள். கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சாதாரண இன்வெர்ட்டர் தாங்காமல் போகலாம். தாங்கினாலும் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வாங்கும் முன் ஒரு வார்த்தை

கல்போன்ற கூடு கட்டும் கடினப் பவளங்கள், 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், எதை வளர்க்க அனுமதி உண்டு என்று வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கடல் சூடானால் மன்னார் வளைகுடாவுக்கு விசிறிவிட யாராலும் முடியாது. ஹாலில் இருக்கும் அந்தக் குட்டிக் கடலுக்கு முடியும். அடுத்த முறை கரன்ட் போகும்போது பாட்டி விசிறியை எடுக்கும் முன் சொம்பை எடுத்தால் போதும். மாலையில் மகன் வரும்போது மீன்கள் வழக்கம்போலப் பவளங்களுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருக்கும்.