முகக் காயமும் பால்மரமும்

சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தாத்தா பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும், கத்தி மரக்கட்டையில் படக்கூடாது என்பார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அதில் கத்தி படாவிட்டால் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வழவழப்பாக வளரும். பட்டுவிட்டாலோ அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும்.

நம் முகத்தோலும் ஏறக்குறைய இப்படித்தான். மிதிவண்டியிலிருந்து விழுந்து கன்னம் சிராய்த்தால், பெரும்பாலும் மேல்தோல்தான் போகிறது. மயிர்க்கால்களில் மிஞ்சிய உயிரணுக்கள் பெருகிப் பரவி, அந்த இடத்தைத் தழும்பின்றி மூடுகின்றன. காயம் அடித்தோலின் ஆழத்தை எட்டினால், உடல் கொலாஜன் என்னும் புரத இழைகளை அவசரமாக அடுக்கி நிரப்புகிறது. அதுதான் தழும்பு.

முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம். அதனால் அங்கே போட்ட தையலை ஏறத்தாழ 5 நாளில் பிரித்துவிடலாம். காலில் 10 முதல் 14 நாள் ஆகும்.

காயம் காய்ந்தால்தான் ஆறும் என்று பலர் நம்புகிறோம். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் இதைப் பன்றித் தோலில் சோதித்தார். பாலிதீன் தாளால் மூடி ஈரமாக வைத்த காயங்களில், திறந்துவிட்ட காயங்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் பரவியது. பொருக்கு கட்டிய காயத்தில் உயிரணுக்கள் அதன் அடியில் வழி தேடிச் செல்ல வேண்டும். ஈரமான காயத்தில் எளிதாக ஊர்ந்துவிடும்.

காயத்தை ஆற்றும் ஆய்வில் நம் பால்மரத்துக்கும் பங்குண்டு. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளின் பூர்வீகம் பிரேசில். அந்நாட்டின் ரிபெய்ராவ் பிரேத்தோ நகர ஆய்வாளர்கள் 1990களில் ரப்பர் பாலிலிருந்து மெல்லிய சவ்வு ஒன்றைச் செய்தனர். பின்னர் அது ஆறாத கால்புண்களிலும் கிழிந்த செவிப்பறையிலும் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது. ரப்பர் பாலிலுள்ள ஒரு புரதப் பகுதி புதிய ரத்த நுண்குழாய்கள் உருவாகத் தூண்டுகிறது. ஆனால், மரத்துப் பாலை அப்படியே காயத்தில் பூசிவிடாதீர்கள்! அதில் ஒவ்வாமை தரும் புரதங்களும் உண்டு, கிருமிகளும் கலந்திருக்கலாம்.

முகத்தில் சிறு சிராய்ப்பு ஏற்பட்டால் சுத்தமான நீரில் கழுவி, வாசலின் தடவி மூடுங்கள். பொருக்கை உரிக்காதீர்கள். ஆறிய இடத்தைச் சில மாதங்கள் வெயில் படாமல் காத்தால் தழும்பு கருக்காது. வாய்பிளந்த காயம், நாய்க்கடி, கண்ணோரம் அல்லது உதட்டில் வெட்டு என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காயம் எவ்வளவு ஆழம் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.