உங்களுக்குத் தெரியுமா? சிப் தேறினால்தான் லாபம் தேறும்

● சிப்புகள் உருவாகும் வட்டத் தகடான, 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கான் வேஃபரைத் தயாரித்து முடிக்க ஆகும் செலவு, அதில் எத்தனை சிப் தேறினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கழிந்துபோன சிப்புகளின் செலவையும் தேறியவையே சுமக்க வேண்டும். நூற்றுக்கு எத்தனை தேறுகிறது என்ற இந்தக் கணக்குக்குத் தொழிலில் ‘யீல்டு’ என்று பெயர்.

● சிப் பெரிதானால் யீல்டு சரியும். பத்துச் சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக ஒரு பழுது விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டர் சிப்பில் நூற்றுக்குச் சுமார் 90 தேறும். ஏ.ஐ. வேலைக்கான எட்டுச் சதுர சென்டிமீட்டர் சிப் என்றால் சுமார் 45தான்.

● 2019 ஜனவரியில் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி, தைனான் ஆலையில் யீல்டு குறைவதைக் கவனித்தது. வெளியிலிருந்து வாங்கிய ஃபோட்டோரெசிஸ்ட் ரசாயனத்தின் ஒரு தொகுதி கெட்டிருந்தது. அதனால் வேஃபர்களில் வேண்டாத பாலிமர் படிந்திருந்தது. தரம் கெடக் கூடாது என்று, முதலில் நினைத்ததைவிடக் கூடுதலான வேஃபர்களை நிறுவனம் கழித்துப்போட்டது. பிப்ரவரியில் காலாண்டுக் கணிப்பையே திருத்தி அறிவித்தது: வருவாயில் சுமார் 55 கோடி டாலர் குறையும், மொத்த லாப விகிதம் 2.6 சதவீதப் புள்ளிகள் இறங்கும். நஷ்டத்தை மறைக்காமல், தொகையோடு முன்கூட்டியே சொன்ன விதம் பாராட்டுக்குரியது.

● நல்ல லாபம் காட்டிய நாளிலும் பங்கு விலை விழலாம். 2020 ஜூலை 23 அன்று இன்டெல் வெளியிட்ட காலாண்டு முடிவில் வருவாய் 20 சதவீதம் உயர்ந்து 1,970 கோடி டாலராக இருந்தது. ஆனால் அதே அறிக்கையில், 7 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் யீல்டு தன் சொந்த இலக்கைவிடச் சுமார் ஓராண்டு பின்தங்கியிருப்பதாகவும் ஒப்புக்கொண்டது. மறுநாள் பங்கு சுமார் 16 சதவீதம் சரிந்தது. போட்டியாளரான ஏஎம்டியின் பங்கு அதே அளவுக்கு ஏறியது. முதலீட்டாளர்கள் கடந்த மூன்று மாதத்தைப் பார்க்கவில்லை, வரப்போகும் ஆண்டுகளைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இன்டெல்லின் தலைமை நிர்வாகியும் மாறினார்.

● விற்பனை தொடங்கும் முன்பே யீல்டு லாபத்தைக் கடிக்கும். 2024 ஆகஸ்டில் என்விடியா வெளியிட்ட முடிவில் மொத்த லாப விகிதம் 78.4 சதவீதத்திலிருந்து 75.1க்கு இறங்கியிருந்தது. அதன் புதிய சிப்பான பிளாக்வெல்லில் யீல்டு குறைந்த சரக்குக்காக ஒதுக்கிய தொகை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்போது பிளாக்வெல் மாதிரிகள் மட்டுமே வாடிக்கையாளர்களுக்குப் போயிருந்தன. யீல்டைக் கூட்ட, வேஃபரில் சிப்பின் வடிவத்தைப் பதிக்க உதவும் மாஸ்க்கையே மாற்றினார்கள்.

● யீல்டு எண்ணைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை. அறிக்கையில் மொத்த லாப விகிதத்தையும், சரக்கு மதிப்பிழப்புக்கான ஒதுக்கீட்டையும் சேர்த்துப் படித்தால் ஓரளவு பிடிபடும். வருவாய் எண்ணோடு நின்றுவிடுகிறவர்களுக்கு இது தெரியாமலே போகும்.

● பழுதான சிப் எல்லாம் குப்பைக்குப் போவதில்லை. 2006இல் வந்த சோனி பிளேஸ்டேஷன் 3இன் ‘செல்’ சிப்பில் எட்டுத் துணைச் செயலிகள் உண்டு, ஏழுதான் இயங்கும். ஒன்று கெட்டிருந்தாலும் சிப் விற்பனைக்குத் தேறட்டும் என்று வடிவமைப்பிலேயே இடம் விட்டிருந்தார்கள். ஏஎம்டி 2008இல் விற்ற மூன்று கோர் ஃபீனம், நான்கு கோர் சிப்பில் ஒன்றை அணைத்துவிட்டு வந்ததுதான்.