மண்டபத்தில் வளரும் கடல்மீன் மரபியல்

இராமேசுவரம் தீவில் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையே உள்ள அக்காள்மடம் போன்ற ஊர்களிலிருந்து பாம்பன் பாலத்தைக் கடந்தால் எட்டிவிடும் தொலைவில், மண்டபத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இயங்குகிறது. இம்மையத்தை, கடல்மீன்களுக்கான மூல இனப்பெருக்க மையங்களின் தலைமை நிறுவனமாக 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. விரைவான வளர்ச்சி, நோய் தாங்கும் திறன் போன்ற இயல்புகள் மிகுந்த மீன்களைத் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து, அவற்றின் வழிவந்த தாய்மீன்களைக் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு வழங்குவதே மூல இனப்பெருக்க மையத்தின் பணியாகும்.

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949இல் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, 1971இல் கொச்சிக்கு மாறும்வரை இங்கிருந்தே இந்தியக் கடல்களை ஆராய்ந்தது. சாளை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் எப்போது சினைப்படுகின்றன, ஒரு கடற்பகுதியின் கூட்டமும் இன்னொன்றின் கூட்டமும் ஒரே வழியினவா என்பன அக்கால ஆய்வாளர்கள் எழுப்பிய வினாக்கள். மரபணுவைப் படிக்கும் கருவிகள் இல்லாத அந்நாளில், உடல் உறுப்புகளை அளந்தும் துடுப்பின் முட்களை எண்ணியும் விடை தேடிய அந்தப் பொறுமைமிக்க உழைப்பே பிற்கால மரபியலுக்கு அடித்தளம் இட்டது. இதே நிறுவனம் சாளை இனத்தைச் சேர்ந்த மத்தி மீனின் முழு மரபணுத் தொகுதியையும் 2023இல் வெளியிட்டது.

மண்டபத்தில் பெரிய திருப்பம் கடல் விராலால் வந்தது. கூண்டில் வளர்த்தால் ஆறேழு மாதங்களில் இரண்டு மூன்று கிலோ எடையை எட்டக்கூடிய இம்மீனின் தாய்மீன்களைக் கடற்கூண்டுகளில் வைத்துப் பேணும் பணி 2008இல் தொடங்கியது. முதிர்ந்த மீன்களுக்கு ஹார்மோன் செலுத்தி முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைப்பதில் 2010 மார்ச்சில் இந்தியாவிலேயே முதல்முறையாக இங்கு வெற்றி கிடைத்தது. பொரித்த குஞ்சுகளுக்கு வாய் மிகச் சிறியது என்பதால், ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரையும் பின்னர் ஆர்டீமியா என்னும் சிற்றுயிரையும் தனியே வளர்த்து இரையாகத் தர வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டில் பொம்பனோ மீனிலும் இம்முயற்சி பலித்தது.

ஆனால் குஞ்சு பொரிக்கச் செய்வது வேறு, இனத்தை மேம்படுத்துவது வேறு. ஒரு பெண்மீனே இலட்சக்கணக்கில் முட்டையிடுவதால், சில தாய்மீன்களைக் கொண்டே ஒரு பொரிப்பகம் தன் தேவையை முடித்துக்கொள்ள இயலும். அக்குஞ்சுகளே வளர்ந்து மறுபடியும் தமக்குள் கூடினால், நெருங்கிய உறவுக்குள் நிகழும் அந்த உட்கலப்பால் வளர்ச்சி குன்றிக் குறைபாடுகள் வெளிப்படும். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நார்வே வல்லுநர்களின் துணையுடன் உருவாக்கி 1997இல் வெளியிட்ட ஜெயந்தி ரோகு என்னும் மேம்படுத்தப்பட்ட நன்னீர் மீன் இதற்கு நல்ல மாற்று வழியைக் காட்டியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளின் மீன்களையும் பண்ணை மீன்களையும் கலந்து, பரந்த மரபு வேற்றுமையை முதலில் திரட்டிய பிறகே அங்குத் தேர்வு தொடங்கியது. தலைமுறைக்குச் சராசரியாக 17 விழுக்காடு வளர்ச்சி கூடியதாக ஆய்வாளர்கள் கணித்தனர்.

கடல் மீனுக்கும் இதே நெறி பொருந்தும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இயற்கையாக வாழும் மீன்கூட்டங்களே மண்டபத்தின் மரபுக் கருவூலம் ஆதலால், அவை மெலிந்துபோனால் எந்த ஆய்வகமும் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. கூண்டு உடைந்து தேர்வு செய்யப்பட்ட மீன்கள் பெருமளவில் கடலில் கலந்தால் இயற்கைக் கூட்டத்தின் மரபும் மாறக்கூடும் என்னும் அச்சமும் புறந்தள்ளத்தக்கதன்று.

எனவே எத்தனை இலட்சம் குஞ்சுகள் விற்கப்பட்டன என்பதைக் காட்டிலும், அவை எத்தனை தாய்மீன்களின் வழிவந்தவை என்பதையே இம்மையத்தின் வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டும். கடன் வாங்கிக் கூண்டு கட்டும் கடலோர மீனவர்கள், குஞ்சு வாங்கும்போது அதன் தாய்மீன் பதிவேட்டையும் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். பொரிப்பகங்கள் அதைத் தயங்காமல் காட்ட வேண்டும்.