கயிறு தெரிகிற பாம்பு

1

என் சிறுவயதில் இராஜாக்கமங்கலத்துக்காரர்களுக்கு சினிமா என்றால் ஓலைக்கொட்டகைதான். தரை டிக்கெட்டுக்கு மணல். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவன் திட்டுவான். ஒரு பாம்புப் படம் ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. நடுராத்திரி, வில்லன் தூங்குகிறான், கட்டில் காலைச் சுற்றிப் பாம்பு ஏறுகிறது, மகுடி இசை உச்சத்துக்குப் போகிறது. பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அந்த நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: 'லேய், கயிறு தெரியுதுலே!'

கொட்டகை மொத்தமும் சிரித்தது. உண்மைதான், ரப்பர் பாம்பின் கழுத்துக்குக் கீழே நைலான் கயிறு விளக்கொளியில் மின்னியது. ஆனால் இன்றுவரை என்னை விடாமல் பிடித்திருப்பது அந்தச் சிரிப்பு மட்டுமல்ல. சிரித்த அதே ஆட்கள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்கள். 'மக்கா, காலத் தூக்கி வச்சுக்கோ. மகுடிச் சத்தம் கேட்டா நெசப் பாம்பும் வரும்' என்றார் என் பெரியப்பா. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வாய் சிரிக்கிறது, கால் பயப்படுகிறது. இந்த இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடப்பதுதான் மலிவான கொலைகார மிருகப் படங்களின் கவர்ச்சி. நம் சிறுபத்திரிகைகளில் ரே பற்றியும் கட்டக் பற்றியும் எழுதுகிறோம். இந்தப் படங்களைக் 'குப்பை' என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுகிறோம். குப்பையைக் கிளறினால்தான் ஒரு வீட்டில் என்ன தின்றார்கள் என்று தெரியும்.

2

இந்த வகைமைக்கு நவீன காலத்தில் அச்சு வார்த்துக் கொடுத்தது ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975). அதற்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப்போனது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமல், மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களையும் இசையையும் கொண்டே சுறா வருவதாக நம்பவைத்தார்கள். பெரிய பணம் தன் கயிறை இப்படி மறைத்துக்கொண்டது. அது கலை என்று பெயர் வாங்கியது.

இதைப் பார்த்துச் சின்னப் பணம் கிளம்பி வந்தது. ரோஜர் கார்மனின் நிறுவனம் ஜோ டான்டேயை வைத்து 'பிரான்யா' (1978) எடுத்தது. 'அலிகேட்டர்' (1980), நியூசிலாந்தின் 'பிளாக் ஷீப்' (2006) என்று பட்டியல் நீளும். பிந்தையதில் கொலைகாரர்கள் செம்மறியாடுகள்! இந்தப் படங்களால் மிருகத்தை மறைத்துவைக்க முடியாது. போஸ்டரில் வாக்குக் கொடுத்ததைக் காட்டியாக வேண்டும். காட்டினால் கயிறு தெரியும். எனவே இயக்குநர் முந்திக்கொண்டு தானே சிரித்துவிடுகிறார். பயமுறுத்த வக்கில்லாததால் வந்த சிரிப்பு என்று இதைச் சொல்லலாம். ஆனால் விளைவு வேறு. பிரெக்ட் கொள்கையாக வகுத்த அந்நியமாக்கலை இங்கே வறுமை தானாகவே நிகழ்த்திவிடுகிறது. இது செய்யப்பட்ட பொருள் என்று பார்வையாளனுக்குத் தெரிகிறது. தெரிந்ததைக் கத்திச் சொல்லும் உரிமையும் அவனுக்கு வந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. 2013இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த 'ஷார்க்நாடோ'வில் சூறாவளியோடு சுறாக்கள் பறந்து வருகின்றன. அங்கே கயிறு தற்செயலாகத் தெரியவில்லை. அதைத் தெரியவைப்பதே விற்பனை உத்தி. பார்வையாளன் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. 'நீ சிரிப்பாய் என்று எனக்கு முன்னமே தெரியும்' என்று சொல்கிற படத்தின் முன்னால் அவன் மறுபடியும் வாடிக்கையாளன்தான். கொட்டகையில் கத்தியவனின் சிரிப்பையும் இதையும் ஒன்றாக்கி 'மக்கள் சிரிப்பு' என்று பக்தினை இழுப்பது சோம்பேறித்தனம்.

3

மிருகம் யாரைத் தின்கிறது? பிரதியின் அரசியல் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கதைக்கட்டு பெரும்பாலும் ஒன்றுதான். முதல் சாவு, ஒருவர் மட்டும் உண்மையைச் சொல்கிறார், ஊர் வருமானம் கெடும் என்று அதிகாரம் மறைக்கிறது, பிறகு பெருவிருந்து. இப்சன் 1882இல் எழுதிய 'மக்களின் பகைவன்' நாடகத்தின் எலும்புக்கூடு இது. ரே அதை 'கணசத்ரு' (1989) என்று எடுத்தார். இப்சனில் நஞ்சான குளியல் நீர், ரேயில் கோயில் தீர்த்தம், ஜாஸில் சுறா. நாம் உயர்ந்தது என்று தூக்கிவைப்பதற்கும் குப்பை என்று தள்ளுவதற்கும் எலும்புக்கூடு ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும்.

மலிவுப் படங்கள் இந்த இடத்தில் வெட்கமில்லாமல் பெயர் சொல்லிவிடுகின்றன. 'பிரான்யா'வில் அந்த மீன்களை வளர்த்தது ராணுவம், வியட்நாம் போருக்காக. 'அலிகேட்டர்' படத்து முதலை பூதமானது, மருந்துக் கம்பெனி சோதனை செய்து சாக்கடையில் எறிந்த நாய்ப் பிணங்களைத் தின்று. கடைசியில் அது அந்த முதலாளியின் வீட்டு விருந்துக்குள்ளேயே புகுந்து மேயரை விழுங்குகிறது. கொட்டகையில் கைதட்டல் விழுகிற இடம் இதுதான். நீதிமன்றம் தராததை முதலை தருகிறது.

'ஜாஸ்' அப்படியல்ல. ஃபிரெடரிக் ஜேம்சன் 1979இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை நுட்பமாகப் பிடித்தார். சுறா எதன் குறியீடு என்று தேடாதே, எல்லாப் பயங்களையும் அது உறிஞ்சிக்கொள்ளும். யார் சாகிறார்கள், யார் பிழைக்கிறார்கள் என்று பார் என்றார். சாகிறவன் குவின்ட், சுறா பிடிக்கும் மீனவன். பிழைப்பவர்கள் போலீஸ் அதிகாரியும் பணக்காரக் கடல் விஞ்ஞானியும். பழைய உழைப்பாளியைப் பலிகொடுத்து, காவல்துறையும் தொழில்நுட்பமும் கைகோத்துக் கரையேறுகின்றன.

நான் இதை எங்கள் கடற்கரையிலிருந்து வாசிக்கிறேன். இதே மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். எங்கள் வீடுகளில் சுறா என்றால் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் புட்டு. ராஜாக்கமங்கலம் துறையில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி ஜாஸைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'கடல் தெரிஞ்சவன் செத்தான், கடல் தெரியாத போலீசு கொன்னான். இது என்னவே படம்?' அவர் ஜேம்சனைப் படித்தவரில்லை.

'டிரெமர்ஸ்' (1990) இதற்கு நேர் எதிர். மண்ணுக்குள்ளிருந்து பாய்கிற பூதப் புழுக்களை ஜெயிப்பவர்கள் கிடைத்த வேலையைச் செய்து பிழைக்கும் இரண்டு கூலியாட்கள். நில அதிர்வு படிக்கும் மாணவி கூட இருக்கிறாள். ஆனால் தலைமை அவள் கையில் இல்லை. சிரிப்பு கலந்தவுடன் வர்க்கக் கணக்கு கொஞ்சம் மாறிவிடுகிறது. உழைப்பவனின் கேலிதான் அங்கே ஆயுதம்.

4

இனி நம் சினிமா. சாண்டோ சின்னப்பா தேவர் 'நல்ல நேரம்' (1972), 'ஆட்டுக்கார அலமேலு' (1977) என்று யானையையும் ஆட்டையும் நட்சத்திரமாக்கினார். நூறு படங்களுக்கு மேல் இயக்கிய இராம நாராயணன் 'ஆடி வெள்ளி', 'துர்கா' (இரண்டும் 1990) என்று யானை, பாம்பு, குரங்கு, அம்மன் எல்லோரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார். கொலைகார மிருகம் என்றால் துரை இயக்கிய 'நீயா?' (1979), இந்தி 'நாகின்' (1976) படத்தின் தமிழ் வடிவம். இணை கொல்லப்பட்ட நாகம் பெண்ணுருவில் வந்து நண்பர்களை ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறது.

வித்தியாசம் இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. அங்கே மிருகம் ராணுவத்திலிருந்தும் கம்பெனியிலிருந்தும் வருகிறது. இங்கே அதற்குச் சொந்தக் கணக்கு இருக்கிறது. யாரோ ஒருவன் பாவம் செய்தான், அவனையும் அவன் கூட்டத்தையும் அது தேடிவருகிறது. அரசு இல்லை, முதலாளி இல்லை, மருந்து இல்லை. பழியும் பரிகாரமும் குடும்பத்துக்குள் முடிந்துவிடுகின்றன. நாகராஜா கோயிலின் பேரில் ஊர்ப்பெயர் வைத்திருக்கும் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் பிறந்தவன் என்பதால் இதைப் பக்தி என்று கேலி செய்யமாட்டேன். பாம்பு சாகக்கூடாது என்று காவு விட்டுவைத்ததும் அதே நம்பிக்கைதான். ஆனால் சினிமா காவை விட்டுவிட்டுப் பழியை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஒரு விலக்கு: ராஜமௌலியின் 'நான் ஈ' (2012). மலிவுப் படமல்ல என்றாலும் மனசு மலிவுப் படத்துடையது. பணக்காரன் கொன்ற இளைஞன் ஈயாகப் பிறந்து அவனைத் தூங்கவிடாமல் அடிக்கிறான். நாம் யாரும் ஈக்குப் பயப்படுவதில்லை. அவன் மட்டும் பயப்படுகிறான். பயத்தை ஒரே ஒருவனுக்கு ஒதுக்கி, சிரிப்பை மற்ற எல்லோருக்கும் பங்குபோட்டதுதான் அந்தப் படத்தின் வெற்றி.

5

2023இல் இந்த வகைமை திரையை விட்டு வெளியே வந்தது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடைச் சுவரை உடைத்து அரிசி தின்ற யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர். ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் தெருக்களில் ஓடியது. அடிபட்ட ஒருவர் இறந்தார். ஜூனில் மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் மேல்கோதையாறு பக்கம் விட்டார்கள். எங்கள் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் வருவது கோதையாற்றிலிருந்து. டீக்கடையில் ஒருவர், 'தண்ணியோட ஆனையும் வந்துராதுல்லா?' என்றார். எல்லோரும் சிரித்தோம். வாயும் காலும், மறுபடியும்.

கேரளத்தில் அதற்கு ரசிகர்கள் முளைத்தார்கள். சாதியில்லாத, பேசாத, கட்சியில்லாத கதாநாயகன்! இன்னொரு பக்கம் கொலைகாரன் என்ற பட்டம். நாயகனா வில்லனா என்ற இந்த இருமை எதிர்வுக்குள் ஒரு விவரம் காணாமல் போனது. யானைகளின் நடமாட்ட வழியான அந்தச் சின்னக்கானலில்தான் 2002-03 வாக்கில் அரசு 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றியது. பல குடும்பங்கள் பிறகு விட்டுவிட்டு ஓடின. 'அலிகேட்டர்' எடுத்தவனாக இருந்தால் பட்டா கொடுத்த மேசையிலிருந்து கதையைத் தொடங்கியிருப்பான். நம் தொலைக்காட்சி யானையின் முகத்திலிருந்து தொடங்கியது. செய்தியைவிடக் குப்பைப் படம் அதிக உண்மை சொல்கிற இடம் இது.

6

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை இப்போது சொல்லவேண்டும்.

பெரியப்பா ஒருநாள் முற்றத்தில் ஒரு பாம்பை அடித்தார். இரண்டு நாள் கழித்து, கருக்கலில் விறகு எடுக்கப் போன பெரியம்மையைப் பாம்பு கடித்தது. கூடிய சனம் ஒரே குரலில் சொன்னது: 'ஜோடிப் பாம்பு. பழிவாங்க வந்திருக்கு.' நானும் அதைத்தான் நம்பினேன். கல்லூரியில் மார்க்ஸ் படித்துக்கொண்டிருந்தவன், நம்பினேன். மந்திரிக்கிறவரிடம் போய் இரண்டு மணி நேரம் போனது. பிறகு போன ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. வேறு இடத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

பெரியப்பா சாகும்வரை தான்தான் அவளைக் கொன்றதாக நினைத்தார். திரைக்கதை அவருக்கு ஒரு குற்றவாளியைக் கொடுத்திருந்தது: அவரையே. இல்லாத தெருவிளக்கு, இல்லாத வண்டி, இல்லாத மருந்து எதுவும் அந்தக் கதையில் பாத்திரமாக வரவில்லை. பாம்புக்கு ஜோடியை நினைவு வைத்துப் பழிவாங்கும் ஞாபகம் கிடையாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000. பெரும்பாலும் கிராமத்தார், மழைக்காலத்தில் அதிகம். திரையில் பாம்பு கட்டிலில் படுத்த வில்லனைக் கடிக்கிறது. நிஜத்தில் வெறுங்காலோடு வரப்பில் நடப்பவளைக் கடிக்கிறது. பேரழிவுப் படங்கள் சகிக்க முடியாததைச் சகிக்கப் பழக்கிவிடுகின்றன என்று சூசன் சொண்டாக் 1965இல் எழுதினார். நம் பாம்புப் படங்கள் ஒருபடி மேலே போய், செத்தவர்களைச் சந்தேகப்படவும் பழக்கின.

இன்னொரு கதையும் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர்கள், 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பிழைப்பை இழந்தார்கள். 1978இல் அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று உருவானது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, சில வாரத்தில் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறி மருந்து பெருமளவு அந்த விஷத்தைக் கொண்டுதான் தயாராகிவந்திருக்கிறது. அங்கே பாம்பு தெய்வமுமில்லை வில்லனுமில்லை. வேலை தெரிந்த கைகள்தான் இருக்கின்றன. குவின்டைச் சாகடிக்காத கதை இது.

நான் பாம்புப் படங்களைத் தடை செய்யச் சொல்லவில்லை. இப்போதும் தொலைக்காட்சியில் போட்டால் உட்கார்ந்து பார்க்கிறேன், சிரிக்கிறேன், காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன். இப்போதைய பாம்புகள் கம்ப்யூட்டரில் பிறந்தவை, கயிறு கிடையாது. கயிறு இல்லாத பாம்பு எனக்கு அதிகம் பயம் தருகிறது, இழுக்கிறவன் இருக்கிறான் என்பதையே அது மறக்கவைத்துவிடுவதால். அன்றைக்குப் பெரியம்மையைச் சுற்றி நாங்கள் இருபது முப்பது பேர் நின்றோம். 'லேய், கயிறு தெரியுதுலே' என்று கத்த ஒருத்தன் இல்லாமல் போனான். நானாவது கத்தியிருக்கலாம்.