ஓடையும் பள்ளமும்

ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் தமிழில் உண்டு. ஆயினும், அவை அனைத்தும் அப்பொருளை ஒரே கோணத்தில் நோக்குவதில்லை. மழைநீர் தானே வகுத்துக்கொண்ட சிறு நீர்வழியைக் குறிக்கும் ஓடை, பள்ளம் ஆகிய சொற்கள் இதற்குச் சான்றாகும்.

'ஓடு' என்னும் வினையடியாகப் பிறந்த காரணப்பெயர் 'ஓடை'. இப்பெயர் நீரின் இயக்கத்தை முதன்மைப்படுத்துகிறது. 'பள்ளம்' என்பது நிலத்தின் தாழ்வைச் சுட்டும் சொல். 'மேடு' என்பதன் எதிர்ச்சொல். பொதுவழக்கில் குழியையும் தாழ்நிலத்தையும் குறிக்கும் இச்சொல், கொங்கு வட்டாரத்தில் நீர்வழியின் பெயராகவும் பொருள் விரிந்துள்ளது. அந்தியூர்ப் பகுதியின் வரட்டுப்பள்ளம் அணையும், கோபிசெட்டிபாளையம் பகுதியின் குண்டேரிப்பள்ளம் அணையும் இவ்வழக்கைக் காட்டுகின்றன. கோவை நகரின் சங்கனூர்ப் பள்ளம், சங்கனூர் ஓடை எனவும் வழங்குகிறது. ஈரோட்டிலோ 'பெரும்பள்ளம் ஓடை' என இருசொற்களும் இணைந்தே நிற்கின்றன.

இவ்விரண்டினின்றும் வேறானது வாய்க்கால். அது பெரும்பாலும் மனிதர் வெட்டி அமைப்பது. பவானி ஆற்றுநீரைப் பாசனத்திற்குக் கொண்டுசெல்லும் காலிங்கராயன் வாய்க்கால் அத்தகையது.

கொங்குச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. ஆகவே, அங்குள்ள சிறு நீர்வழிகள் பல, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். நீர் ஓடும் காலத்தில் 'ஓடை' என்னும் பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. நீரற்ற காலத்திலும் பொருந்தி நிற்பது 'பள்ளம்' என்னும் பெயர். நீர் வற்றினாலும் நிலத்தின் தாழ்வு மறைவதில்லை அன்றோ?

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. வறண்ட பள்ளத்தைப் பயனற்ற நிலமென எண்ணி மண்ணிட்டு நிரப்புவதும், அதன்மேல் கட்டடம் எழுப்புவதும் பல ஊர்களில் நிகழ்கின்றன. பெருமழை பெய்யும்போது மேட்டுநிலத்து நீர் தன் பழைய வழியையே நாடி வருகிறது. வழி அடைபட்டிருப்பின், தெருக்களிலும் வீடுகளிலும் புகுகிறது.

ஊர்ப்பெயர்களும் நீர்வழிப் பெயர்களும் முன்னோர் தம் நிலத்தை அறிந்திருந்த முறையைக் காட்டுகின்றன. ஆகவே, பள்ளம் என முடியும் ஒரு பெயரைக் கேட்கும்போது, அங்கு இன்று நீர் ஓடுகிறதா என்று பார்ப்பதோடு அமையாது, நாளை நீர் வந்தால் ஓடுவதற்கு வழி உள்ளதா என்றும் நோக்குதல் வேண்டும்.