மனம் சோர்ந்தவருக்குச் செபமும் மருந்தும்

கார்மேல் மலையில் வானத்து நெருப்பைக் கண்ட இறைவாக்கினர் எலியா, சில நாள்களுக்குள் பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரிடம் மன்றாடினார். அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரம் இதை ஒளிக்காமல் உரைக்கிறது. அங்கு வந்த வானதூதர் அவருடைய விசுவாசக் குறைவைக் கண்டித்தாரா? இல்லை. சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் அருகில் வைத்து, எழுந்து உண்ணச் சொன்னார். உண்டபின் அவர் மீண்டும் உறங்கினார். இரண்டாம் முறையும் தூதர் தட்டி எழுப்பி உண்பித்தார். ஒரேபு மலைக்குச் செல்லும் நீண்ட பயணம் அதற்குப் பிறகே தொடங்கிற்று.

அன்புக்குரியவர்களே, திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள நம் இல்லங்களில் இத்தகைய சோர்வுக்கு வேறு பெயர்கள் உண்டு. "யோசனை கூடிப்போச்சு" என்போம். "நெஞ்சுக்குள்ளே பாரம்" என்போம். நீண்ட போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. கடலில் மகனைப் பறிகொடுத்த தாயின் பெருமூச்சு எவருக்கும் புதுமையன்று. ஆதலால், துயரம் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்பதை நாம் கவனியாமல் விட்டுவிடுகிறோம். தலையிடி என்று பனடோல், உடல் பெலவீனம் என்று சத்து மருந்து, பின்னர் ஒரு நேர்த்திக்கடன். இவை எதுவும் பலிக்காதபோது, "செபிப்பது போதாது" என்று யாரேனும் சொல்லிவிடுகிறார்கள். தன்னைத் தானே குற்றவாளியாகக் கருதுவது இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. அவ்வாறு வாடுகிறவர், செபமாலையைக் கையில் எடுக்கவும் மனம் வராததை இன்னொரு பாவமாகத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இச்சொல்லைப்போல் கொடியது வேறில்லை என்றே எண்ணுகிறேன்.

தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்திருப்பது, முன்பு விரும்பியவற்றில் நாட்டம் அற்றுப்போவது, உறக்கமும் பசியும் குலைவது, சிறு வேலைக்கும் உடல் களைப்பது, சாவைப் பற்றிய நினைவு திரும்பத் திரும்ப வருவது ஆகியவை மனச்சோர்வு நோயின் குறிகள். இவற்றைக் கொண்டு நாமே பெயர் சூட்டிவிடலாகாது. தைராய்டுச் சுரப்பி மந்தமானாலும், இரத்தச்சோகை இருந்தாலும் இதே களைப்பு வரக்கூடும். வைத்தியர் பல கேள்விகள் கேட்பதும், தேவையெனில் இரத்தப் பரிசோதனை செய்விப்பதும் அதனால்தான். சாக எண்ணியதுண்டா என்றும் அவர் நேராகக் கேட்பார். அக்கேள்வி அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. பெரும்பாலும் அடக்கிவைத்த கண்ணீரையே திறந்துவிடுகிறது.

நோய் இலேசானதாயின் உளவளத்துணையே போதுமானதாகலாம். கடுமையானதாயின் மாத்திரை வேண்டும். பலர் இடறுவது இங்கேதான். மாத்திரையின் நற்பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். வயிற்றுக் குமட்டல் போன்ற தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். "குணமில்லை" என்று அப்போது நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் குணமானவுடன் நிறுத்துகிறார்கள். சுகம் கண்ட பின்னரும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடரவேண்டும் என்பதே பொதுவான மருத்துவ முறை. இம்மருந்துகள் மதுவைப்போல் அடிமைப்படுத்துவன அல்ல. ஆயினும் வைத்தியரின் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தே விடவேண்டும்.

திருச்சபை இதைக் குறித்து என்ன சொல்கிறது? சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தில் மருத்துவரை மதிக்கவும், நோயுற்றபோது செபித்தபின் மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் கற்பிக்கிறது. பாலையூற்றில் லூர்து அன்னையின் திருத்தலத்தில் நாம் குணம் வேண்டி முழந்தாளிடுகிறோம். பிரான்சு நாட்டின் லூர்து நகரிலோ, 1883 முதல் மருத்துவர்களின் பணியகம் ஒன்று இயங்கிவருகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் வத்திக்கானில் மனச்சோர்வு குறித்துக் கூடிய மாநாட்டினரிடம் உரையாற்றினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தமது 42ஆம் வயதில் வாரம் ஒருமுறை, ஆறு மாத காலம், உளப்பகுப்பாய்வாளர் ஒருவரை நாடிச் சென்றதை 2017இல் வெளிவந்த நேர்காணல் நூலில் வெளிப்படையாகக் கூறினார்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டின் 1889 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் இருந்தார். அவருக்கு வந்தது மூளையின் இரத்தக்குழாய்களைத் தாக்கிய நோய், மனச்சோர்வன்று. எனினும் ஊரார் பேசிய பேச்சு நம் ஊரில் பேசப்படுவதுதான்; கார்மேல் மடத்திலிருந்த மகள்களின் காதிலும் அது விழுந்தது. 2015 அக்டோபரில் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

பங்குத்தந்தையிடம் ஒப்புரவு பெறுவது ஆறுதல் தரும். அது மருத்துவத்துக்குப் பதிலாகாது. நல்ல குரு தாமே வைத்தியரிடம் அனுப்பிவைப்பார். தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: கடும் உளநோய் மனிதனின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2282, 2283ஆம் எண்களில் கற்பிக்கிறது. தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமன்று. பொலிசுக்கு அஞ்சி எவரும் சிகிச்சையைத் தவிர்க்கவேண்டியதில்லை.

2009இல் கின்னியாப் பாலம் திறக்கப்படும்வரை, அக்கரையிலிருந்து நோயாளியைக் கொண்டுவர மிதவைப்படகுக்குக் காத்திருந்தோம். இன்று திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வீதி வழியே வந்துவிடலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். மனநலப் பிரிவின் வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற கூச்சந்தான் எஞ்சியிருக்கிறது. நோயாளியைத் தனியே அனுப்பாமல் வீட்டார் ஒருவர் உடன் செல்வது நன்று. உறக்கம் எப்போது குலைந்தது, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார், குடும்பத்தில் முன்பு எவருக்கேனும் இந்நோய் இருந்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாவைப் பற்றி அவர் பேசினால் கிளினிக் நாள்வரை காத்திராதீர்கள். அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசியிலும் பேசலாம்.